நாலு லட்சம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுவோம், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ரோட்டோ வேலையை, அதாவது படத்தில் ஆட்களின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டிப் பிரிக்கும் வேலையை, விட்டுவிட்டு கேம் செய்யும் பக்கம் போகப்போகிறேன் என்கிறாய். தாராளமாகப் போ. நியூக் மென்பொருளில் 2021-லேயே காப்பிகேட் என்ற கருவி வந்துவிட்டது, சில ஃபிரேம்களை நாம் வெட்டிக் காட்டினால் மீதியை அதுவே கற்றுக்கொண்டு வெட்டுகிறது என்று நீதானே எனக்குக் காட்டினாய். நாள் முழுக்க நடிகர்களின் தலைமுடிக்கு ஓரம் கட்டிக்கொண்டிருப்பதிலிருந்து நீ நகர நினைப்பது சரிதான். ஆனால் அதற்கு இன்னொரு கோர்ஸ், அதற்கு நாலு லட்சம், அதற்கு அம்மாவின் நகை என்கிறாயே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

நீ அனுப்பிய புரோஷரைப் படித்தேன். மாயா, இசட்பிரஷ், அன்ரியல் என்று பக்கம் பக்கமாக மென்பொருள் பெயர்கள். யார் சொல்லிக்கொடுப்பார்கள், அவர்கள் எந்த கேமில் வேலை பார்த்தவர்கள், போன வருடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் ரீலை (செய்த வேலையின் மாதிரித் தொகுப்பை) எங்கே பார்க்கலாம்? ஒரு வரிகூட இல்லை. '100% வேலை உத்தரவாதம்' மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதலில் படித்த இடத்திலும் இதையேதான் சொன்னார்கள். வேலையும் கிடைத்தது, ரோட்டோவில். வெளிநாட்டுப் படங்களின் ரோட்டோ, வேண்டாததை அழிக்கும் பெயின்ட், கேமரா அசைவைக் கணக்கெடுக்கும் மேட்ச்மூவ் எல்லாம் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகிறது, அதற்கு ஆள் வேண்டும். உத்தரவாதம் என்று அவர்கள் சொன்னது அதைத்தான்.

பெரிய கம்பெனியில் நுழைந்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு கொடுத்தது; அதே மாதம் லைஃப் ஆஃப் பை படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கரும் வாங்கியது. (நம் பாண்டிச்சேரியில் கொஞ்சம் எடுத்தார்களே, அந்தப் படம்தான்.) 2025 பிப்ரவரியில் எஃபெக்ட்ஸ் கம்பெனியான டெக்னிகலர் மூடியபோது பெங்களூரில் வேலை போனவர்கள் பட்ட பாட்டை நீ பக்கத்திலிருந்தே பார்த்தாய்.

அப்புறம், நீ அனுப்பிய அனிமேஷனில் அந்தக் குடம் தூக்கும் பெண். சேலை மடிப்பு, பித்தளைப் பளபளப்பு எல்லாம் பிரமாதம். ஆனால் குடத்தில் தண்ணீர் இல்லையே கண்ணு. நிறைகுடம் இடுப்பில் ஏறினால் அந்தப் பக்கத்து இடுப்பு வெளியே தள்ளும், மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கிற கை விரிந்து நிற்கும். தூக்குவதற்கு முன்னால் முழங்கால் மடியும், மூச்சு ஒரு கணம் நிற்கும். உன் பெண் நிமிர்ந்து விறுவிறுவென்று நடக்கிறாள். நம் தெருக் குழாயடியில் காலையில் போய் நின்றால் இது பைசா செலவில்லாமல் விளங்கும்.

ஐடிஐயில் ஃபிட்டர் படித்த எங்களை முதலில் மெஷின் பக்கமே விடவில்லை. ஓர் இரும்புத் துண்டை வைஸில் கட்டி அரத்தால் ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் மாஸ்டர். இடுக்கில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவு. பந்து குதிப்பதையே அனிமேஷனில் எத்தனை தடவை செய்வது என்று முதல் வருடத்தில் நீ அலுத்துக்கொண்டாயே, அதுவும் இந்த ராவுகிற வேலைதான். அப்படித் தூக்கிப் பார்த்து, 'இங்கே வெளிச்சம் தெரிகிறது' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அதற்குப் பணம் கொடுக்கலாம். மென்பொருள் பட்டியலுக்கு எதற்கு?

கேமில் உனக்கு எந்த நாற்காலி என்பதையும் இப்போதே யோசி. படத்தில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக (கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாக்க) மணிக்கணக்கில் காத்திருக்கலாம். கேமில் விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16 மில்லிசெகண்டும் சொச்சமும்தான். விளையாடுகிறவர் எப்போது பட்டனை அழுத்துவார் என்றும் தெரியாது; நடந்துகொண்டிருப்பவள் பாதி அடியில் குதிக்க வேண்டும், குதித்தவள் காற்றிலேயே திரும்ப வேண்டும். படம் வரைகிறவர்களுக்கும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் நடுவில் டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட் என்று ஒருவர் உட்காருகிறாராமே, பிளஸ் டூவில் கணக்கில் உனக்கிருந்த பிடிப்புக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. பாத்திரத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங்கும், புரோகிராம் எழுதக் கொஞ்சம் பைத்தானும் படி. முடிவு உன்னுடையது.

என் யோசனை இதுதான். ஒரு வருடம் வீட்டில் வந்து இரு. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வாங்கித்தருகிறேன், என் சேமிப்பிலேயே முடியும். பிளெண்டர் என்ற 3D மென்பொருள் இலவசம், அதில் செய்த ஃப்ளோ படம்தானே 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. கேம் செய்வதற்கான கோடோ எஞ்சினும் இலவசம். அன்ரியலில் செய்த கேம் பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கும்வரை ராயல்டி கிடையாதாம். அந்தக் கஷ்டம் நமக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வேலையில் இருக்கும் ஒரு நல்ல அனிமேட்டரைப் பிடித்து, மாதாமாதம் பணம் கொடுத்து உன் வேலையைத் திருத்தச் சொல். பட்டம்தான் வேண்டுமென்றால் என்ஐடியின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் எம்.டெஸ். என்ற முதுகலைப் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுது. அதில் இடம் கிடைத்தால் நகையை வைக்க அம்மாவே முன்னால் நிற்பாள்.

வீட்டில் இருக்கும்போது பெரிதாக ஒன்றும் வேண்டாம். சின்னதாக ஒரு கேம், ஆனால் முடித்த கேம். 2023-ல் டொரன்டோவிலிருந்து வந்த 'வெண்பா' என்ற கேமைத் தம்பி லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். 1980களில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பு, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்க, "ஆவி மேலே போக வழி விட வேண்டாமா? குழி மேல் குழி வராமல் அடுக்குங்கள்" என்று அடுப்படியிலிருந்தே அம்மா சொல்லிவிட்டாள். ஒரு மாலைக்குள் முடிந்துவிடுகிற கேம். அதற்குத்தான் 2024-ல் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது கொடுத்தார்கள். குழாயடியை வைத்து நீ ஒன்று செய்யேன்.

வருவதாக இருந்தால் அவசரப்பட்டுக் கிளம்பாதே. நோட்டீஸ் பீரியடை முழுசாக முடி. அனுபவச் சான்றிதழ், பிஎஃப் விவரம் இரண்டையும் கையில் வாங்கு. நீ வேலை செய்த ஷாட்களில் எதை ரீலில் போடலாம், படம் வெளிவந்த பிறகா முன்பா என்று உன் சூப்பர்வைசரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள். வாய் வார்த்தையை நம்பிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா