ஆற்றோரக் காட்டில் ஒரு நாள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் வெள்ளிக்கிழமை ஆற்றோரக் காட்டுக்கும் அதை ஒட்டிய வயல்வெளிக்கும் அழைத்துப் போகிறோம். ஒப்புதல் படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தோம். பாதிக்கு மேல் கையொப்பத்தோடு வந்துவிட்டன. மற்றவர்களில் சிலர் தயங்குவதாக வகுப்பாசிரியர்கள் சொன்னார்கள். தண்ணீர் இருக்கிற இடமாயிற்றே என்பது பலருடைய கவலை. தேர்வு நெருங்கும்போது ஒரு நாள் பாடம் போகிறதே என்பது சிலருடையது. "காட்டைக் காட்டுங்கள் சரி, வயலில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். அதனால்தான் சுற்றறிக்கையாக அனுப்பாமல் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். பிள்ளைகள் யாரும் ஆற்றில் இறங்க மாட்டார்கள். குளிப்பது கிடையாது, கால் நனைப்பதும் கிடையாது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளையும் தடுமாறி விழ வைக்கும். கரையும் ஏமாற்றும்: மேலே புல் மூடிக் கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் அரித்துக் குடைந்திருக்கும். ஆகவே விளிம்பிலிருந்து தள்ளி ஒரு கயிறு கட்டுவோம். அதைத் தாண்டி ஆசிரியர்கள் மட்டுமே போவார்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்திருக்கிறோம். ஒவ்வோர் இடத்திலிருந்து கிளம்பும்போதும் தலை எண்ணுவோம். நாங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேல்பக்கம் பெய்த மழை சில மணி நேரம் கழித்து வந்து சேரும் என்பதால், முந்தின நாள் இரவும் அன்று காலையும் மேல்பக்கத்து மழை நிலவரத்தைப் பார்ப்போம். சிறிய சந்தேகம் இருந்தாலும் பயணம் இல்லை; வேறொரு நாள் போவோம். இந்த முடிவை நானே எடுப்பேன், நானும் கூடவே வருவேன்.

சரி, அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்?

ஓர் இலையிலிருந்து தொடங்கப் போகிறோம். மரத்திலிருந்து ஆற்றில் விழுந்த இலை வெறும் குப்பை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தண்ணீரில் ஊறிய சில நாளில் அதன்மேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்கின்றன. அந்தப் படலம் ஏறிய பிறகுதான் பூச்சிகளுக்கு அது தின்னத் தகுந்த பண்டமாகிறது. அவை கடித்துத் துண்டாக்குகின்றன. அந்தத் தூளைக் கீழ்ப்பக்கத்தில் வேறு பூச்சிகள் சலித்துத் தின்கின்றன. அவற்றை மீன்கள் தின்கின்றன. மர நிழல் மூடிய சிற்றோடைகளில் உயிர்களுக்கான தீனியில் பெரும்பங்கு தண்ணீருக்குள் விளைவதில்லை, கரையிலிருந்து உதிர்கிறது. ஊற்றுமுனையிலிருந்து கழிமுகம் வரை இந்தத் தீனி எப்படி மாறிக்கொண்டே போகிறது என்பதை ராபின் வான்னோட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1980-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ஆறுகளைப் படிக்கிறவர்கள் இன்றுவரை அதை எடுத்து வைத்துத்தான் பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள்.

ஆசிரியர்கள் ஆழமில்லாத இடத்தில் வலை போட்டு எடுத்து வருவதை வெள்ளைத் தட்டில் கொட்டுவோம். முதல் ஒரு நிமிடம் சேறும் இலைத்துணுக்கும்தான் தெரியும். பொறுமையாகப் பார்த்தால் ஒரு குச்சி நகரும். உற்றுப் பார்த்தால் அது குச்சி இல்லை. மணலையும் இலைத்துண்டையும் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய கூண்டு. உள்ளே கேடிஸ் பூச்சியின் புழு, தலையையும் ஆறு கால்களையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நடக்கும். பக்கத்தில் மேஃப்ளை என்னும் பூச்சியின் குஞ்சு, வயிற்றின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் மெல்லிய செவுள்களை அசைத்துக்கொண்டிருக்கும். அது வளர்ந்து இறக்கை முளைத்து வெளியே வந்தபின் சாப்பிடுவதே இல்லை, அதற்குப் பயன்படும் வாய் கிடையாது. இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டு ஓரிரு நாளுக்குள் இறந்துவிடும். தும்பியின் இளம்புழு கிடைத்தால் பிள்ளைகள் அந்தத் தட்டை விட்டு நகரவே மாட்டார்கள். அது பின்புறத்தால் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சுவிடும். ஆபத்து வந்தால் அதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து முன்னால் பாயும். மடித்து வைத்திருக்கும் கீழ்த்தாடையை ஒரே வீச்சில் நீட்டி இரையைப் பிடிக்கும். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

இதில் ஒரு பாடம் தானாகவே வந்துவிடுகிறது. மேஃப்ளைக் குஞ்சுகள் பலவும் அசுத்தத்தைத் தாங்காதவை. அவை ஏராளமாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பொருள். சிவந்த சிறு புழுக்கள் மட்டுமே நெளிந்தால் அங்கே ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாமல், கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆற்றின் உடல்நிலையைக் கணிக்கலாம் என்று பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது சாதாரண விஷயம் இல்லை.

வெப்பமானியையும் எடுத்துப் போகிறோம். நிழலில் ஓடும் தண்ணீரையும் திறந்தவெளியில் தேங்கிய தண்ணீரையும் அளப்போம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரால் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். 30 டிகிரியில் ஏழரைதான். கரையில் மரத்தை வெட்டினால் மீனுக்கு மூச்சு முட்டும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

இனி வயலுக்கு வருகிறேன், அந்தத் தந்தையின் கேள்விக்கு. காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி பார்த்ததாகத்தான் அர்த்தம். மழை பெய்தால் வயலின் மேல்மண்ணும் உரமும் சரிவில் வழிந்து ஆற்றை நோக்கித்தான் போகின்றன. நடுவில் மரமும் புல்லும் அடர்ந்த ஒரு பட்டை இருந்தால் தண்ணீரின் வேகம் குறைகிறது, மண் அங்கேயே படிகிறது. நைட்ரேட்டில் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இன்னொரு பங்கை அந்த ஈர மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஆறும் சும்மா வாங்கிக்கொண்டிருப்பதில்லை. வெள்ளம் ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டலைக் கொண்டுவந்து தாழ்ந்த நிலத்தில் பரப்பிவிட்டுப் போகிறது. ஆற்றோர வயல்கள் வளமாக இருப்பதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகப் படிந்த அந்த வண்டல்தான். காட்டில் கூடு கட்டும் தேனீ வயலில் மகரந்தம் சேர்க்கிறது. ஆற்றிலிருந்து எழும் பூச்சிகளைப் பிடிக்கும் வௌவாலும் சிலந்தியும் வயல் பூச்சிகளையும் தின்கின்றன. எங்கே காடு முடிகிறது, எங்கே வயல் தொடங்குகிறது என்று நாம் வரப்பு போட்டுச் சொல்லலாம்; தண்ணீருக்கும் பூச்சிக்கும் அந்தக் கணக்கு கிடையாது. பிள்ளைகள் ஆற்றிலிருந்து வயல் வரை நடந்து, இருபது இருபது அடிக்கு ஒரு முறை ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். மணலாக உதிர்வது மெல்ல மெல்ல மாவாக மாறி, கடைசியில் விரலோடு ஒட்டும். வெள்ளம் வேகம் குறையக் குறைய முதலில் மணலையும் பிறகு நுண்மண்ணையும் இறக்கிவிட்டுப் போன வரிசை அது.

மரங்களில் வெள்ளக்குறி தேடச் சொல்லியிருக்கிறேன். பட்டையில் படிந்த சேற்றுக்கோடு, தலைக்கு மேலே கிளையில் சிக்கிய சருகும் நாணலும். தண்ணீர் இவ்வளவு உயரம் வந்ததா என்று அண்ணாந்து பார்க்கும்போது, வெள்ளச் சமவெளி என்ற சொல் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிடும். ஆற்றில் சாய்ந்து கிடக்கும் பட்ட மரங்களையும் காட்டுவோம். அவற்றை அப்புறப்படுத்தினால்தான் ஆறு சுத்தம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அவற்றுக்குப் பின்னால்தான் மடு உண்டாகிறது, மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன, மீன்கொத்தி உட்கார்ந்து குறி பார்க்கிறது.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சூழல் மண்டலம், மண் வகைகள், உணவுச் சங்கிலி எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருப்பவை. விட்டுப்போகும் கணக்குப் பாடத்தை அடுத்த வாரம் கூடுதல் நேரம் எடுத்து முடித்துத் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் பயணக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன். எழுத வேண்டும் என்ற நினைப்போடு நடக்கிற பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டு வாக்கியம் தேடும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். விரும்பினால் வரையலாம், எழுதலாம், சும்மாவும் இருக்கலாம். மதியத்துக்கு முன் அரை மணி நேரம் ஆளுக்கொரு மரத்தடியில் பேசாமல் உட்காரப் போகிறோம். முதல் பத்து நிமிடம் நெளிவார்கள். அப்புறம் பறவைகள் திரும்பி வரும். கைபேசி கொடுத்து அனுப்பாதீர்கள் என்பது என் கண்டிப்பான வேண்டுகோள். அவசரம் என்றால் வகுப்பாசிரியரின் எண்ணுக்குப் பேசலாம்.

பழைய துணியாக, முழுக்கால், முழுக்கை மூடியதாகப் போட்டு அனுப்புங்கள். காலணி பாதத்தை முழுவதும் மூட வேண்டும், செருப்பு வேண்டாம். துணியில் சேறு ஆகத்தான் செய்யும், அதற்காகத் திட்டாதீர்கள். குளவி, தேனீக் கடி ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றாலோ, ஆஸ்துமா இருந்தாலோ படிவத்தில் தெளிவாக எழுதி, மருந்தையும் கொடுத்து அனுப்புங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளும் வர வேண்டும். பாதையைப் போய்ப் பார்த்தோம். ஆற்றின் முதல் வளைவு வரை சமதளமாக இருக்கிறது, தட்டு வைத்துப் பார்ப்பதையும் அங்கேயேதான் வைத்திருக்கிறோம். கல், கூடு, செடி எதையும் வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புரட்டிய கல்லைக்கூட முன்பிருந்தபடியே வைக்கப் பழக்குகிறோம். அதன் அடிப்பக்கம் முழுவதும் உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. உங்களில் விவசாயம் செய்கிறவர்கள், ஆற்றோரத்தில் வளர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். வண்டல் படிந்த வருடத்துக்கும் படியாத வருடத்துக்கும் விளைச்சலில் என்ன வித்தியாசம் என்பதை எங்களைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். இரண்டு மூன்று பேர் அன்று எங்களோடு வந்து வயல் பகுதியில் பிள்ளைகளிடம் பேசினால் மிகவும் மகிழ்வோம். வர முடிகிறவர்கள் படிவத்தின் பின்பக்கத்தில் பெயரை எழுதி அனுப்புங்கள்.

படிவங்கள் புதன்கிழமை மாலைக்குள் வந்துவிட வேண்டும். இதைப் படித்த பிறகும் தயக்கம் இருந்தால், செவ்வாய், புதன் இரண்டு நாளும் பள்ளி விட்டபின் நான் அறையில்தான் இருப்பேன். நேரில் வாருங்கள், பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்