மூன்று லட்சம் டாலர் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய ஆட்டங்கள் போன்ற மெய்நிகர் உலகங்களைப் பற்றி எழுதும் செய்தியாளர் பணியை, 'விளையாடிக்கொண்டே சம்பாதிக்கலாம்' என்ற தலைப்பில் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அறிமுகப்படுத்தியிருந்தீர்கள். அந்த வேலையில் பாதி கணக்கு வேலை என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.

2014 ஜனவரியில் 'ஈவ் ஆன்லைன்' விண்வெளி ஆட்டத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த போரில் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல் வகையான டைட்டன் 75 அழிந்தன. ஒரு தரப்பு தன் பகுதிக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டத் தவறியதில் வந்த வினை. '3 லட்சம் டாலர் நாசம்' என்று செய்திகள் பறந்தன. ஆனால் யார் பையிலிருந்தும் அவ்வளவு போகவில்லை. கப்பலுக்கு விலை ஐஎஸ்கே என்ற ஆட்டப் பணத்தில். நிஜப் பணத்துக்கு 'பிளெக்ஸ்' என்ற ஆட்டப் பொருளை வாங்கி உள்ளே ஐஎஸ்கேக்கு விற்கலாம். அந்த விகிதத்தைத் தலைகீழாகப் போட்டு வந்த தொகைதான் இது. ஐஎஸ்கேயை மறுபடி டாலராக்க விதியில் இடமில்லை. 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தின் கதை வேறு: அங்கே உள்ளே புழங்கும் லிண்டன் டாலரை நிஜ டாலராக மாற்றலாம். எந்தப் பணம் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

இந்த உலகங்களை நடத்தும் நிறுவனம் தரும் 'பதிவு செய்தோர்' எண்ணும் இப்படித்தான். ஒருவருக்கே நாலைந்து அவதார், அதாவது உள்ளே உலாவும் உருவம், இருக்கும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

செய்தியாளர்கள் பேட்டியில்தான் அதிகம் சறுக்குவார்கள். செகண்ட் லைஃபில் தலைக்கு மேல் தெரியும் காட்சிப் பெயரை எளிதில் மாற்றிவிடலாம். சுயவிவரத்திலுள்ள கணக்குப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். உரையாடல் பதிவு வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து திருத்தலாம். குற்றச்சாட்டு என்றால் இரு தரப்பிடமும் பதிவை வாங்கி வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். நேரத்தையும் பாருங்கள்: அங்கே கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் ஓடும்.

'சிம்ஸ் ஆன்லைன்' என்ற இணைய ஆட்டத்துக்குள் இருந்த நகரத்து முறைகேடுகளை எழுதிவந்த தத்துவப் பேராசிரியர் பீட்டர் லட்லோவின் கணக்கை 2003-இல் நிறுவனம் நீக்கியது. விதிமீறல் என்றது நிறுவனம். எழுதியதற்குப் பழி என்றார் அவர். எது எப்படியோ, கணக்கு போனால் உள்ளே வைத்திருந்ததெல்லாம் போச்சு. ஆகவே படம், பதிவு எல்லாவற்றையும் அன்றன்றே வெளியே எடுத்து, தேதியிட்டு இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்.

2006-இல் செகண்ட் லைஃபுக்குள்ளேயே செய்திப் பிரிவு திறந்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், சில ஆண்டுகளிலேயே அதை மூடியது. இந்த ஒன்றை மட்டும் நம்பி வேறு வேலையை விடலாமா என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கலாம்.