விறாந்தை வரைக்கும்தான்

திருகோணமலை,
மார்கழி.

அன்புள்ள மலர்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. முழங்கால் அளவு பனிக்குள் நின்றுகொண்டு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது உனக்கு! குளிர் தொடங்கியதிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன், கடைக்குக்கூட மகன்தான் போய் வருகிறான், வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வெட்கப்படாதே. இங்கே நானும் அதைத்தான் செய்கிறேன். உனக்கு ரொறன்ரோவின் பனி, எனக்கு விடாமல் அடிக்கிற வாடைக்காற்றும் மழையும். மற்றபடி இரண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 86 நடக்கிறது. சீனி வருத்தமும் பழைய ஆஸ்துமா முட்டும் கூடவே இருக்கின்றன. காது மந்தம், நாக்கு மட்டும் அன்றுபோலவே. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி வீட்டை ஆண்டுகொண்டிருக்கிறார். அவருக்காகத்தான் இந்த வீட்டுச்சிறை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நாலைந்து நாள் படுத்துவிட்டு எழும்புவேன். அவருக்கு வந்தால் நெஞ்சில் இறங்கிவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். 65 வயதைத் தாண்டியவர்கள், சீனியோ முட்டோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், இவர்களுக்கு இன்ஃப்ளுவென்சா வெறும் தடிமனோடு போகாது, நியூமோனியாவில் கொண்டுபோய் விட்டாலும் விடும். அம்மாவுக்கு அந்தப் பட்டியலில் மூன்று இடம்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது இருமல் கேட்காத வீடு இல்லை. இலங்கையில் இந்தக் காய்ச்சல் வருஷத்தில் இரண்டு தரம் தலைதூக்கும். ஏப்ரல், மே தொடங்கி ஜூன் வரை ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. இரண்டாவது எங்களுக்கு மாரி மழையோடு கூட்டுச் சேர்ந்து வருகிறது. அம்மாவைக் கேட்டால் எல்லாம் பனி செய்கிற வேலை. விடியப்புறம் தலையில் துவாய் போடாமல் முற்றத்தில் இறங்கினால் திட்டு. நான் வாதாடுவதில்லை, துவாயைப் போட்டுக்கொள்கிறேன். ஆனால் மழைக்குப் பயந்து யன்னலெல்லாம் சாத்திவிட்டு எட்டுப் பேர் ஒரே அறையில் டீவி பார்த்துக்கொண்டிருந்தால், ஒருவர் இருமுவது எட்டுப் பேருக்கும் பங்குதானே. கடல் கொந்தளிப்பு, படகெல்லாம் கரையில், கடலுக்குப் போகிறவர்களும் வீட்டில். பள்ளிக்கூடமும் விடுமுறை. ஊர் முழுக்க வீட்டுக்குள் இருக்கும்போதுதான் ஊர் முழுக்க இருமுகிறது. அதனால் நாங்கள் வெளியே போகாமல் இருப்பதைவிட, உள்ளே யார் வருகிறார்கள் என்பதுதான் எனக்குத் தலையிடி.

நீ இருந்த காலம் போலவேதான் இன்றைக்கும். ஒருவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போகாவிட்டால் அது பெரிய குற்றம். தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய், கட்டில் ஓரத்தில் இருந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கையைப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும். போன வழியில் இன்னும் இரண்டு வீட்டுக்குத் தலைகாட்டாமல் வர முடியாது. இந்த ஊரில் காய்ச்சலைக் காவித் திரிவது பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். கெட்டவர்கள் யாரையும் பார்க்கப் போவதில்லையே!

போன கிழமை எங்கள் மணி மாமி வந்தார். குடையை மடக்கி விறாந்தைத் தூணில் சாத்தினார். ஒரு கையில் அம்மாவுக்குப் பிடித்த குரக்கன் புட்டு, மறு கையில் சேலைத் தலைப்பு, அதற்குள் இருமல். "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா தொண்டைக் கரகரப்பு" என்றபடி செருப்பைக் கழற்றி உள்ளே காலெடுத்து வைக்கப் போனார். நான் வாசலில் குறுக்கே நின்றுவிட்டேன். அந்த மாமிக்கு முன்னால் குறுக்கே நிற்பது சின்ன விஷயமா, நீயே சொல். "மாமி, இதிலேயே இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளேயிருந்து அம்மா, "ஆரது, மணியே?" என்கிறார். கூப்பிட்டால் காது கேட்காத மனுசிக்கு மாமியின் செருமல் மட்டும் எப்படித்தான் கேட்டதோ.

கடைசியில் விறாந்தையில் மாமிக்கு ஒரு கதிரை, உள்ளே யன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி அம்மாவின் சாய்மனை, நடுவில் யன்னல் கம்பி என்று ஒழுங்கு செய்தேன். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே, மாமி தொண்டை கிழியக் கத்தினார். மாமியின் காணி வழக்கு, மகளுக்கு வந்த சம்பந்தம், பேரனின் சோதனை முடிவு எல்லாம் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கேற்றடிக்கு வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் மாமி காய்ச்சலில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. காய்ச்சல் காய்வதற்கு ஒரு நாள் முன்பே இது அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும், பிறகும் ஐந்து, ஏழு நாள் வரை நீளும். மாமி அன்றைக்கு உள்ளே வந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் சட்டம் இதுதான்: யார் வந்தாலும் விறாந்தை வரைக்கும்தான்.

சிலருக்குக் கோபம். எனக்குப் பெரிய எடுப்பு வந்துவிட்டதாம். யோசித்துப் பார், நீயும் நானும் ஊரடங்குக்குள் வளர்ந்தவர்கள். ரேடியோவில் சொன்னால் விளக்கை நூர்த்துவிட்டு வீட்டுக்குள் இருந்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோதும் ஒருவரும் ஒருவர்மேல் கோபிக்கவில்லை. சொன்னது அரசாங்கம். இப்போது சொல்வது நான். அதுதான் பிரச்சினை.

செத்தவீடுதான் இன்னும் கஷ்டம். இவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் போய்விட்டார். மழைநாள், சின்ன வீடு, சனம் நெருக்கியடித்திருக்கும். நான் போகவில்லை. இவர் முகக்கவசத்தோடு போய், முற்றத்துக் கொட்டிலிலேயே நின்றுவிட்டு வந்தார். நான் மச்சாளோடு போனில் அழுதேன். போனில் அழுவது எப்படியோதான் இருக்கிறது, கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இவரைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் கோட்டையில் ஓட்டை என்றால் அது இவர்தான். மீன் வாங்கப் போகிறேன் என்று போனால் மீன் பத்து நிமிஷம், தேத்தண்ணிக் கடை ஒரு மணித்தியாலம். வாசலில் சவர்க்காரமும் வாளித் தண்ணீரும் வைத்திருக்கிறேன். கை கழுவாமல் உள்ளே வந்தால் அம்மாவின் அறைப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. முணுமுணுத்துக்கொண்டு கழுவுகிறார்.

வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளைக்குத் தடிமன் என்றதும் சுகமானபிறகு வா, சம்பளம் வெட்ட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். தர்மம் ஒன்றுமில்லை. வெட்டினால் அவள் இருமலை மறைத்துக்கொண்டு வருவாள், கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் நட்டம். நாட்கூலிக்குப் போகிறவர்களிடம் வீட்டில் இரு என்று யார் சொல்வது? வீட்டில் இருக்கக் கிடைப்பதே வசதியுள்ளவர்களின் வைத்தியம்தான்.

அங்கே உனக்கு இல்லாத ஒரு சிக்கல் எனக்கு உண்டு. காற்றோட்டம் வேண்டும், யன்னலைத் திற என்கிறார்கள். திறந்தால் நுளம்பு. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, மழைநாளில் பூச்சட்டித் தட்டிலும் பெருகிவிடும். 2017 ஞாபகமிருக்கிறதா? இங்கே பக்கத்தில் கிண்ணியாவை உலுக்கிய டெங்கு. நாடு முழுக்க அந்த வருஷம் 186,000 பேருக்கு மேல். அதனால் இங்கே காய்ச்சல் என்றால் தடிமன் காய்ச்சல்தான் என்று நினைத்துச் சும்மா இருக்க முடியாது. இரண்டு நாள் தாண்டியும் காய்ந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோல் மட்டும்தான். அஸ்பிரினோ ஐபுபுரோஃபனோ போட்டால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். எங்கள் சனம் அதற்குள் டொக்டரின் துண்டு இல்லாமலே பார்மசிக்குப் போய் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கி முடித்துவிடும். வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது என்று சொன்னால், "எனக்குப் போன முறை கேட்டது" என்று பதில் வரும். நான் அம்மாவின் கட்டிலுக்குப் பகலிலும் வலையைக் கட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். பின்னேரத்தில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கிறோம். அது காய்ச்சலைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் இந்த மழைக்கு நன்றாக இருக்கிறது.

சரி, மனதில் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மகன் குடும்பம் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வர இரவு ரயிலில் ஆசனம் பதிந்திருந்தது. புறப்படுகிற அன்று காலையில் போன் வந்தது: பேரனுக்கு முதல்நாள் இரவு காய்ச்சல் காய்ந்ததாம், இப்போது விட்டுவிட்டது, துள்ளி விளையாடுகிறானாம். பனடோல் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்தார்களாம். பனடோல் இல்லாமல் ஒரு முழு நாளாவது காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் விட்டது என்று கணக்கு. அதிலும் சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூட நாள் பரப்புவார்கள். ஒரு கிழமை தள்ளிப் போடுங்கோ என்றேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் போனை வாங்கி, "பரவாயில்லை மாமி" என்று மட்டும் சொன்னாள். பரவாயில்லை என்பவர்களின் குரல் அப்படி இருக்காது.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னும் எத்தினை மார்கழி எனக்கு இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு பெடியனை மறிக்கிறாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, மலர். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவருக்கு ஆசையான ஒன்றை நான்தான் தடுக்கிறேன். அவரைக் கேட்டால் காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை, பூட்டனை மடியில் வைத்திருக்க வேண்டும் என்பார். ஆனால் இரவில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு எழும்பி இருக்கும்போது முதுகைத் தடவுவது நான். அந்த நேரத்தில் எத்தினை மார்கழி என்று அவர் கேட்பதில்லை, மூச்சு வந்தால் போதும் என்றுதான் இருப்பார். இரண்டு அம்மாவில் எந்த அம்மா சொல்வதைக் கேட்பது? நான் இரவு அம்மாவின் பக்கம் நின்றேன். சரியா பிழையா என்று உனக்குத் தோன்றுவதை எழுது, ஆறுதலுக்காக எழுதாதே.

இந்த வெள்ளிக்கிழமை வருகிறார்கள். முதல் இரண்டு நாள் பெடியன் விறாந்தையில்தான் விளையாடுவான், அம்மா யன்னலுக்குள் இருந்து பார்ப்பார் என்று பேச்சு. மழை விட்டால் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் பார்க்கக் கூட்டிப்போவதாகவும் பெடியனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். திறந்த வெளிதானே. அப்படியே மேலே கோயிலில் கோணேசரையும், சனம் குறைந்த நேரம் பார்த்து.

தடுப்பூசி போட்டாயா என்று கேட்டிருந்தாய். உங்களுக்கு இலையுதிர் காலம் வந்தால் பார்மசியிலேயே காசில்லாமல் போட்டுவிடுகிறார்கள். இங்கே தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டோம், அம்மாவுக்கும் எங்களுக்கும். இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்தில் இரண்டு தரம், பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், அடுத்த ஊசியில் எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறது. நன்றாகப் பொருந்திய வருஷத்தில்கூட நூற்றுக்கு 40 முதல் 60 வரைதான் பாதுகாப்பு, வயதானவர்களுக்கு அதிலும் குறைவு. வந்தாலும் கடுமை குறையும் என்பதற்காகப் போடுவது. மிச்சத்துக்குத்தான் விறாந்தை.

மே மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். அப்போது இங்கே அடுத்த சுற்று நடந்துகொண்டிருக்கும், தெரிந்துகொள். பிளேனில் பக்கத்து ஆசனத்துக்காரர் இருமிக்கொண்டு வந்தால் முதல் நாலு நாள் உன் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வா. தொற்றியிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். உனக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சொக்கிலட் மட்டும் கொண்டு வராதே, அம்மா தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்.

உன் அவரின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தால் உடனே அறிவி. இங்கே இரவு ஒன்பது மணிக்கு எடுத்தால் நான் ஓய்வாக இருப்பேன், அம்மாவும் நித்திரை, காதைக் கொடுக்க மாட்டார்.

அன்புடன்,
வசந்தா