ஆமை, இகுவானா கேட்டு வருகிறவர்களுக்கு: அரசாங்கம் மாறினால் சட்டமும் மாறுமா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் கடைக்கு மீன்தொட்டியும் தீனும் பறவைக்கூடும் வாங்க வருகிறவர்களில் பலர் கொஞ்சக் காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அரசாங்கம் மாறிவிட்டதே, இனி ஆமை, இகுவானா, பால் பைத்தன் எல்லாம் வீட்டில் வைத்திருக்க விடுவார்களா? நீங்களும் விற்பீர்களா?" (இகுவானா வெளிநாட்டுப் பெரும் பல்லி, பால் பைத்தன் வெளிநாட்டுச் சிறிய மலைப்பாம்பு.) வாசலில் நின்று ஒரு வரியில் பதில் சொன்னால் அது அரைகுறையாகப் போய்விடும். அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறோம்.

அரசாங்கம் மாறியதால் மட்டும் இந்த விஷயத்தில் எதுவும் மாறவில்லை. இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றில் 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் பெரியவை. இப்போது இருக்கும் நிலையில், விலக்குப் பட்டியலில் பெயர் உள்ள ஒரு சிலதைத் தவிர, நம் நாட்டு ஊர்வன எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம்தான். நட்சத்திர ஆமை, பாலாமை, வெங்கணாந்தி என்ற மலைப்பாம்பு, மன்னார்ப் பக்கத்துப் பற்றைகளில் காணும் பச்சோந்தி என்று ஆசைப்பட்டுக் கேட்கப்படும் எதையும் நாங்கள் விற்பதில்லை, வாங்குவதுமில்லை. குளக்கட்டில் அகப்பட்டது, தோட்டம் உழும்போது அகப்பட்டது என்று கொண்டுவந்து தருகிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறோம். இது எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் எங்கள் கடையின் முடிவு.

இந்தச் சட்டத்தை வன்னி மக்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். 1993இல் திருத்தம் வந்தபோது வன்னியின் பெரும்பகுதி கொழும்பு நிர்வாகத்தின் கையில் இல்லை. 2009இன் 22ஆம் இலக்கத் திருத்தம் வந்த வருடம் நாங்கள் எங்கே, எப்படி இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீளக் குடியேறிய பிறகு வனசீவராசிகள் திணைக்களத்தைப் பலர் முதன்முதலில் கண்டது எல்லைக் கல் வடிவத்தில்தான். 2015 ஜூனில் சுண்டிக்குளமும் மடு வீதிப் பகுதியும் தேசியப் பூங்காக்களாகின. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் காணியோடு வந்த பயம், விலங்கு பற்றி ஒரு சந்தேகம் கேட்பதற்குக்கூட அந்த அலுவலகத்துக்குள் போக விடாமல் மக்களைத் தடுக்கிறது. சட்டம் தெரியாத ஊரில் உரிமையும் தெரியாமல் போகிறது. எங்களுக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது.

உரிமை என்று நாங்கள் சொல்வது காட்டில் பிடித்ததை வைத்திருக்கும் உரிமையை அல்ல. கொழும்பில் ஒரு கடையில் காசு கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்கி, வெளிநாட்டு இனம் ஒன்றை நல்லெண்ணத்தோடு வீட்டுக்குக் கொண்டு வந்தவர் இருக்கிறார். அந்த உயிரினம் முதலில் நாட்டுக்குள் வந்தபோது இறக்குமதி அனுமதி இருந்ததா என்பது அவருக்குத் தெரியாது. நாளை யாராவது வந்து கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? வீட்டுக்குள் புகுந்த பாம்பைக் கொல்லாமல் பிடித்துக் காட்டில் விடும் தம்பிமாரின் நிலையும் இதுதான். இரவில் பிடித்த பாம்பைக் காலைவரை ஒரு வாளிக்குள் மூடி வைத்திருந்தாலே சட்டத்தின் கண்ணில் அது கேள்விக்குரியது. அவர்களைத்தான் ஊர் முழுக்க நள்ளிரவில் தொலைபேசியில் அழைக்கிறது. இவர்களுக்குத் தெளிவான ஒரு நடைமுறை வேண்டும். வைத்திருப்பதைப் பதிய ஒரு வழி, மீட்பு வேலைக்கு ஓர் அங்கீகாரம், பராமரிப்புக்கு ஒரு தரம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

சரி, அரசாங்கம் மாறினால் இது கிடைக்காதா? இதுவரை நடந்ததைப் பாருங்கள். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிராக நம்மிடம் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதில் எழுதப்பட்டிருந்த அதிகபட்சத் தண்டப்பணம் 100 ரூபா. அதை மாற்றுவதற்கு 2006இல் சட்ட ஆணைக்குழு ஒரு விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்து கொடுத்தது. 2010இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அத்துரலியே ரத்ன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுபோனார். 2016இல் அமைச்சரவை அங்கீகரித்தது. 2006 முதல் இன்றுவரை நாடு ஐந்து ஜனாதிபதிகளைக் கண்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றம் கலையும்போது பாதியில் கிடந்த வேலை பாதியிலேயே போகும், புதிதாக வருகிறவர் முதலிலிருந்து கேட்பார். வனசீவராசிகள் என்ற விடயம்கூட ஓரிடத்தில் நின்றதில்லை. நிலைபேறான அபிவிருத்தியோடு ஒரு காலம், வனப் பாதுகாப்போடு ஒரு காலம், இப்போது சுற்றாடல் அமைச்சின் கீழ். போன அமைச்சரிடம் மனுக் கொடுத்தவர் இந்த அமைச்சரிடம் மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களைப் பிடித்தது. வன்னி மாவட்டத்திலும் கூடுதல் வாக்கு அவர்களுக்குத்தான். சட்டத்தைத் திருத்த அந்தப் பலம் தாராளம். ஆனால் பலம் இருப்பது வேறு, இந்த விஷயம் அவர்களின் மேசையில் இருப்பது வேறு. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் குரங்கு, மயில் என்று கணக்கெடுத்தார்களே, ஞாபகம் இருக்கும். பயிரை அழிக்கும் விலங்கு என்ற ஒரே கோணத்தில்தான் இப்போது வனசீவராசிகள் பற்றிக் கதைக்கிறார்கள். விவசாயிக்கு அது நியாயமான கவலை, நம்மில் பலரும் விவசாயிகள்தான். ஊர்வன வளர்ப்போரைப் பற்றி யாரும் கதைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம், நாம் இன்னும் யாரிடமும் போய்க் கதைக்கவில்லை.

வெளிநாடுகளில் உள்ள உங்கள் உறவுகள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு "அங்கே எல்லாம் விடுகிறார்களே" என்று சொல்கிறீர்கள். அங்கேயும் சும்மா விடவில்லை. நோர்வேயில் 1970களிலிருந்து ஊர்வன வளர்ப்பதற்குத் தடை இருந்தது. 2017 ஓகஸ்டில் அந்தத் தடையைத் தளர்த்தி 19 இனங்களை மட்டும் அனுமதித்தார்கள். பல வருடங்கள் வளர்ப்போர் விடாமல் கேட்டு, எந்த இனத்தை வீட்டில் நலமாக வைத்திருக்கலாம் என்று ஆராய்ந்து, அதன் பிறகு கிடைத்த பட்டியல் அது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியது. அங்கே வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டம் என்று ஒரு பழைய சட்டம் உண்டு. அதன் கீழ் 2012 ஜனவரியில் பர்மிய மலைப்பாம்பு உட்பட நான்கு பெரும் பாம்பினங்களைத் தீங்கானவை என்று பட்டியலிட்டார்கள். 2015இல் இன்னும் நான்கைச் சேர்த்தார்கள். ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோவதும் குற்றம் என்றார்கள். அங்கே ஊர்வன வளர்ப்போருக்கு யூசார்க் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 2013 டிசம்பரில் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த, நிலத்தால் தொடர்ந்திருக்கும் 48 மாநிலங்களுக்கிடையே கொண்டுபோவதைத் தடுக்க அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று சொன்னது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2022 பெப்ரவரியில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய ஒரு பெரிய பொருளாதாரச் சட்டமூலத்துக்குள், அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலில் பெயர் இல்லாத விலங்கு எதையும் இறக்குமதி செய்யக்கூடாது என்ற ஒரு பிரிவையும் செருகியிருந்தார்கள். வளர்ப்போர் தங்கள் தொகுதி உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். ஓகஸ்டில் கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அதே காலத்தில் புளோரிடா மாநிலம் 2021இல் பச்சை இகுவானாவையும் தேகு பல்லியையும் தடைப் பட்டியலில் போட்டது. அங்கே அவை காட்டுக்குள் பெருகி உண்மையாகவே சேதம் செய்தன. வளர்ப்போரில் சிலர் பொறுப்பில்லாமல் திறந்து விட்டதற்கு எல்லோரும் விலை கொடுத்தார்கள்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தயவுசெய்து இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். அவர்கள் விதி வந்த பிறகும் சட்டம் வந்த பிறகும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். நம் அரசியலமைப்பின்படி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் செல்லுமா செல்லாதா என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சி நிரலில்) வந்த சில நாட்களுக்குள், உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் உண்டு. அமைச்சர் வர்த்தமானியில் போடும் ஒழுங்குவிதியை மட்டும் பிறகும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்கலாம். அதனால் இங்கே சட்டம் வந்த பிறகு கூட்டம் கூடிப் பிரயோசனம் இல்லை. வரைவு எழுதும்போதே நம் குரல் அங்கே இருக்க வேண்டும். எட்டு, பத்துப் பேர் மாறி மாறி வர்த்தமானியைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தியாவில் 2020 ஜூனில் அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வெளிநாட்டு இன விலங்கு வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்றார்கள். பிறகு 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, 2024 பெப்ரவரியில் பதிவு விதிகளை வெளியிட்டார்கள். இங்கேயும் அப்படி ஒரு பொதுப் பதிவுக் காலம் வேண்டும் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. தண்டனைப் பயம் இல்லாமல் சொல்லலாம் என்றால்தான் எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அரசுக்கும் தெரியவரும்.

நட்சத்திர ஆமையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது ஓகஸ்டில் ஜெனீவாவுக்குப் போனது. அங்கேதான் இலங்கையும் சேர்ந்து முன்மொழிந்தபடி நட்சத்திர ஆமை முதலாம் பட்டியலுக்கு ஏறியது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது உலகம் முழுவதும் தடை. நம் பற்றைக்காட்டில் பிறந்த ஓர் ஆமைக்கு இவ்வளவு பாதுகாப்புக் கிடைத்தது எங்களுக்குப் பெருமை. அதைச் சாக்குப்பையில் கட்டிக் கடலேற்றுகிறவர்களும் நாமும் ஒரே ஆட்கள் என்று யாரும் நினைக்க இடம் கொடுக்கக்கூடாது. அப்படி ஒரு விற்பனை காதில் விழுந்தால் 1992 என்ற திணைக்கள இலக்கத்துக்கு அழையுங்கள்.

இறக்குமதி பற்றியும் கேட்கிறீர்கள். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறி, அந்த ஓகஸ்டில் முன்னூறு வகைக்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டபோது, ஊர்வனவுக்கு வேண்டிய யூவி (புற ஊதா) விளக்குத் தேடி அலைந்தவர்கள் இன்னும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது விளக்கு, வெப்பமானி, கல்சியத் தூள் எல்லாம் கடையில் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் இல்லாத உயிரினத்துக்கு இவற்றை விற்க மாட்டோம் என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஏற்கனவே வீட்டில் இருக்கும் உயிர் நோயில்லாமல் வாழ வேண்டும்.

காதோரம் சிவப்புக் கோடுள்ள அமெரிக்கத் தண்ணீர் ஆமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் அது சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் வாழும். பார்க்க முடியவில்லை என்று இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களில் அதுவும் ஒன்று. நம் பாலாமையின் இடத்தை அது பிடித்துவிடும். முடியாத நிலை வந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள், பராமரிக்கக்கூடிய ஒருவரோடு தொடர்புபடுத்தி விடுகிறோம். இதற்குக் காசு வாங்குவதில்லை.

இனி நாம் செய்யக்கூடியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஊர்வன வளர்ப்பு, இறக்குமதி அனுமதி, பாம்பு மீட்பு பற்றி என்ன நடைமுறை இருக்கிறது, என்ன வரைவு எழுதப்படுகிறது என்று திணைக்களத்திடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு நாடாளுமன்றப் பொது மனுக்குழுவுக்கு ஒரு மனு அனுப்பலாம். அது ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் போக வேண்டும். முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆட்கள் வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர் ஒருவரைப் பிடியுங்கள். கிளிநொச்சிக்காரர் நாங்கள் தேர்தலுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தோடு, எனவே அங்குள்ளவரிடம் போவோம். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் ஒவ்வொருவரிடம் கொடுப்பது நல்லது. அடுத்த தேர்தலில் யார் வந்தாலும் மனு உயிரோடு இருக்கும்.

தகவல் கோரும் விண்ணப்பப் படிவம் கடையில் வைத்திருக்கிறோம். நிரப்பத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் இருந்து உதவி செய்வோம். வரும்போது உங்களிடம் உள்ள பற்றுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், மிருக வைத்தியரின் துண்டு எது இருந்தாலும் பிரதி எடுத்துக் கொண்டு வாருங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், எங்களிடமும் கூட.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்
கிளிநொச்சி