ஒரு கொட்டான் முடைய எவ்வளவு நேரம் ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஓய்வு நேரத்தில் பனையோலைக் கொட்டான் (சின்ன ஓலைக் கூடை) முடைந்து வீட்டிலிருந்தே மாதம் பல ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் அழகு. பச்சையும் ரோஸ் நிறமும் சாயமேற்றிய ஏழெட்டுக் கொட்டான்களை மணல்மேல் சாய்த்துவைத்து எடுத்திருந்தார்கள். என்ன ஓலை வாங்க வேண்டும், எங்கே விற்கலாம், எவ்வளவுக்குப் போகும் எல்லாம் இருந்தது. ஒரு கொட்டான் முடைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் நடத்துநராக இருந்து 2018-ல் ஓய்வு பெற்றவன். முதல் நடை நாலே முக்காலுக்கு என்றால் மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். வேலை போன பிறகும் உடம்பு அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது. இருட்டில் ஒரு மனுஷன் என்ன செய்வான்? அடுக்களையில் போய்ப் பாத்திரத்தை உருட்டுவான். "சும்மா கெடந்தா கெடங்க, ஊரை எழுப்பாதிய" என்று வீட்டம்மா தினமும் சத்தம் போட்டாள். அந்தக் காலத்தில்தான் பரணை ஒதுக்கும்போது என் அம்மாவின் ஓலை கிழிக்கும் கத்தி கையில் கிடைத்தது. விரல் நீளம், பிடியில் பழந்துணி சுற்றியது.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். பதநீர்க் காலத்தில் அம்மா கருப்பட்டிக்குப் பெட்டி முடைவாள். பெட்டிக்கு அடி போட்டுக் கொடுப்பது பத்து வயதில் என் வேலை. மேலே முடைந்து ஏற்றுவது அம்மாவும் அக்காமாரும். ஐம்பது வருஷம் கழித்து ஓலையைக் கையில் எடுத்தபோது, அடி போடுவது விரலுக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. மூலை திருப்ப வரவில்லை, விளிம்பு மடக்க வரவில்லை. ஒரு மாதம் வெறும் அடியாகப் போட்டு அடுக்கினேன். பானைக்குக் கீழே வைக்கலாம் என்று வீட்டம்மா எடுத்துக்கொண்டாள்.

மூலை திருப்பச் சொல்லிக் கொடுத்தவர், அடுத்த தெருவில் எனக்குத் தங்கச்சி முறை வரும் ஒருவர். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷமாக ஓலையிலேயே பிழைப்பவர். சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்து, என் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். "டிக்கெட்டு கிழிக்கமாதிரி இழுக்காதிய அண்ணாச்சி, ஓலை சண்டைக்கு வரும்" என்பார். அவரைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுரையில் 'ஓய்வு நேரம்' என்று போட்டிருந்தது. ஓலைக்கு நம் ஓய்வு நேரம் தெரியாது. மதியம் வெயிலில் எடுத்து மடக்கினால் மடிப்பில் வெடிக்கும். விடியுமுன், காற்றில் ஈரம் இருக்கும்போது சொன்னபடி கேட்கும். அதனால்தான் அம்மா அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடைந்தாள் என்பதே எனக்கு அறுபது வயதில்தான் புரிந்தது. முந்தின இரவே, கிழித்து வைத்த ஓலை வாரில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். அதற்கு முன்னால் குருத்து வெட்டி, விரித்து, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்துக்கு வார்ந்து எடுத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அந்த இரண்டு மாதமும் புதுசு கிடையாது, கிழிந்ததைப் பொத்துவதுதான். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் விரலும் மரத்துப்போகிறது, நனைத்து வைத்த ஓலையும் வீணாகிறது. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்பவனுக்கு இது ஒத்துவரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்பவர், தலைவலி வந்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஓலைக்கு நான் மரம் ஏறுவதில்லை. தோட்டத்து வேலியோரம் மூன்று வடலி, அதாவது இளம் பனை, நிற்கின்றன. நின்றபடியே அரிவாளுக்கு எட்டும். அவற்றிலும் கண்டபடி வெட்ட முடியாது. பனை மாதத்துக்கு ஒரு ஓலை விட்டாலே பெரிசு. குருத்தையெல்லாம் உருவினால் வடலி அப்படியே நின்றுபோகும். ஒன்று வெட்டினால் அடுத்த இரண்டை விட்டுவிடுவது என் கணக்கு. போதாததற்கு வெளியே வாங்குகிறேன். அங்கே ஏறுகிற ஆளின் கூலியும் சேரும். அவரும் இப்போது மூன்று ஊருக்கு ஒருவர்தான்.

தோட்டம் வீட்டம்மாவின் ராஜ்யம். எட்டு சென்ட் இருக்கும். தேரிச் செம்மண், எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கொடு என்று நிற்கும். கத்தரி, மிளகாய், வெண்டை, வேலியில் அவரை, பந்தலில் சுரையும் பீர்க்கும். ஆடிப்பட்டத்துக்குச் சுரை, பீர்க்கு, பூசணி விதையை முதலில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில்தான் போட்டு முளைக்க வைப்பாள். இந்தக் கொடிகளுக்கெல்லாம் வேரைத் தொட்டால் ஆகாது. பையைக் கிழித்து எடுக்கும்போது மண் உதிர்ந்துவிட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், சில சமயம் அப்படியே போய்விடும். "இவ்வளவு முடையுதிய, இதுக்கு ஒண்ணு செய்யக் கூடாதா" என்று கேட்டாள். நாலு விரல் அகலம், அரைச் சாண் உயரத்தில், சாயம் போடாத ஓலையில் இருபது கொட்டான் முடைந்து கொடுத்தேன். மக்கிய ஆட்டெருவும் மண்ணும் கலந்து நிரப்பி, ஆளுக்கு இரண்டு விதை. நாலு இலை விட்டதும் அடியில் ஒரு கீறு கீறிக் கொட்டானோடு குழியில் வைத்துவிட்டாள். வேருக்கு நட்ட சங்கதியே தெரியவில்லை. மண்ணுக்குள் போன கொட்டான் மழைக்காலம் முடிவதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

முதல் வருஷமே இப்படி நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். முதல் வருஷம் திண்ணைப் படியில் வரிசையாக வைத்திருந்த பன்னிரண்டு கொட்டானை, நாற்றும் ஓலையுமாகப் பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்று தின்றுவிட்டது. மிச்சத்துக்கு அடியில் கரையான் வந்தது. வேப்பம் புண்ணாக்குக் கலந்து, கொட்டானைக் கல் பலகைமேல் ஏற்றி வைத்த பிறகுதான் நின்றது. ஆட்டுக்கு வேலி போட்டோம்.

இனி விற்ற கதை. கை பழகியதும் நாளுக்கு ஒன்று, ஒன்றரை என்று கொட்டான் சேர்ந்துவிட்டது. தோட்டத்துக்கு வருஷத்தில் அறுபது போதும். மிச்சத்தை என்ன செய்ய? கடைத்தெருவில் ஒரு மிட்டாய்க் கடையில், கருப்பட்டி மிட்டாய் போட்டுக் கொடுக்க உதவுமே என்று, ஒன்று பத்து ரூபாய்க்கு நாற்பது கொடுத்துவிட்டு வந்தேன். பத்து ரூபாய் எப்படி வந்தது என்றால், சும்மா வந்தது. எனக்குப் பணம் பெரிசில்லை, பொருள் பத்துப் பேர் கையில் போனால் சந்தோஷம். கடைக்காரரும் "இன்னும் கொண்டாங்க" என்றார். அன்று சாயங்காலம் பென்சன் வாங்கிய நாளைவிட நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தத் தங்கச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். சண்டையில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒங்களுக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது அண்ணாச்சி. நீங்க பத்து ரூவாய்க்குப் போட்டுட்டு வந்துட்டிய. கடைக்காரரு இப்ப எங்கிட்டயும் பத்துதான்ங்காரு. இதுவரைக்கும் பதினஞ்சு குடுத்தாரு."

என்ன பதில் சொல்ல? எனக்கு மூலை திருப்பச் சொல்லிக் கொடுத்த கை அது.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். கண்டக்டர் கணக்கு, பைசா தப்பாது. அவருக்கு நல்ல பழக்கமான கை. ஓலை வார்வதும் சேர்த்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு கொட்டான். ஒன்று பதினைந்து ரூபாய் என்றால் 180. அதில் ஓலைக்கும் சாயத்துக்கும் போக வேண்டும். நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் 2025-26-க்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அந்தக் கூலியாவது கையில் நிற்க வேண்டுமென்றால், ஓலைக் காசைத் தள்ளியே ஒரு கொட்டானுக்கு 28 ரூபாய் கிடைக்க வேண்டும். எனக்கோ ஒன்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் பத்து ரூபாய்க்குக் கொடுத்தது தர்மம் மாதிரித் தெரிந்தது, ஆனால் அந்தத் தர்மத்துக்குப் பணம் கட்டியவர் அடுத்த தெருவில் இருந்தார். மறுநாள் கடைக்குப் போய் "இனிமேல் நான் கொண்டுவர மாட்டேன், பழைய விலைக்கு அவரிடமே வாங்குங்கள்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். பன்னிரண்டுக்கு வந்து நின்றது. பதினைந்துக்கு ஏற இரண்டு வருஷம் ஆயிற்று.

ஐயா, உங்கள் கட்டுரையைப் படித்ததும் எனக்கு இந்தத் திண்ணைதான் கண்ணில் வந்தது. சம்பளமோ பென்சனோ வருகிற வீட்டில் இருந்துகொண்டு கைவேலை செய்பவர்கள் நூறு பேர் ஓய்வு நேரத்தில் முடைந்து கிடைத்த விலைக்குத் தள்ளினால், இதையே அடுப்புக்கு நம்பியிருப்பவர் விலை என்ன ஆகும்? கைவேலை செய்யாதீர்கள் என்று நான் சொல்ல முடியுமா, நானே மூன்றரைக்கு எழுந்து செய்கிறேன். வீட்டுக்குச் செய்யுங்கள், தோட்டத்துக்குச் செய்யுங்கள், கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். விற்பதாக இருந்தால், முதலில் ஊரில் முடைந்து பிழைப்பவரிடம் போய் விலை கேட்டு, அதற்கு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் விற்கச் சொல்லி அந்தக் கட்டுரையிலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2019 ஜனவரி முதல் தேதி நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அரசுத் துறைகள் ஆர்டர் கொடுத்து வாங்கும் நாற்றங்கால் பைகளுக்கு அப்போதே விலக்கும் கொடுத்தார்கள். ஓராண்டு வளர வேண்டிய மரக்கன்றுக்கு ஓலைக் கொட்டான் தாங்காது, இதை அனுபவத்தில் சொல்கிறேன். தினமும் தண்ணீர் பட்டால் இரண்டு மாதத்தில் என் கொட்டான் அடி விட்டுவிடுகிறது. ஆனால் மூன்று நாலு வாரத்தில் நடப்போகும் சுரைக்கும் பூசணிக்கும், ஒரு மாதத்தில் நடப்போகும் கத்தரிக்கும் அந்த இரண்டு மாதம் தாராளம். காய்கறி நாற்று கொடுக்கும் திட்டங்களில் ஒரு பங்கையாவது எங்கள் பக்கத்துப் பெண்களிடம் நாள்கூலிக் கணக்குப் பார்த்து வாங்கிய கொட்டானில் கொடுத்துப் பார்க்கலாமே. பனையை மாநில மரமாக அறிவித்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கள் உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. ஊரில் வெடி போட்டார்கள். அம்மா காலத்தில் அந்தக் கருப்பட்டி ஓலைப் பெட்டியில் போகும். இப்போது எங்கள் கடைத்தெருவில் நான் பார்ப்பது பெரும்பாலும் அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் உறையும்தான்.

வரும் ஆடிக்கு அறுபது கொட்டான் வேண்டும் என்று வீட்டம்மா சொல்லியிருக்கிறாள். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால் இந்த வருஷம் என் கையில் இருபத்திரண்டுதான் ஆகியிருக்கிறது. மிச்சத்துக்கு அந்தத் தங்கச்சியிடம் போனேன். இருபத்தெட்டு ரூபாய் மேனி முப்பத்தெட்டுக் கொட்டான் என்று நோட்டில் எழுதிக் காட்டினேன், 1,064 ரூபாய். நோட்டை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குத் திங்கக் குடுக்கதுக்கா இருவத்தெட்டு ரூவா?" என்று கேட்டார். வேலி போட்டுவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் முன்பணம் வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்,
உடன்குடி, தூத்துக்குடி மாவட்டம்.