சீனர்களின் இணையத் தேர்வும் தடைச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன இணையப் பயனர்கள் அயல்நாட்டுச் சேவைகளைவிட உள்நாட்டுச் சேவைகளையே விரும்புகிறார்கள் என்று கருத்துக்கணிப்பு ஒன்றைக் காட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல அயல்நாட்டுத் தளங்களைச் சீன அரசு தடைச் சுவர் எழுப்பி முடக்கி வைத்திருக்கிறது. "தடை இருக்கும் இடத்தில் விருப்பம் ஏது?" என்று ஒரே வரியில் இதை மறுப்பவர்களும் உண்டு. எந்தச் சேவை, எந்த ஆண்டு என்று பிரித்துப் பார்க்காதவரை இரு தரப்பும் சொல்வது அரைகுறையாகவே நிற்கும்.

இணையவழி வணிகம் நடத்தும் அமெரிக்க ஈபே நிறுவனத்தை எந்தச் சுவரும் தடுக்கவில்லை. 2002-இல் ஈச்நெட் என்னும் சீன இணைய வணிக நிறுவனத்தில் முதலீடு செய்து, மறு ஆண்டே அதை முழுமையாக வாங்கிச் சீனச் சந்தையில் முதலிடத்தில் அமர்ந்திருந்த அந்நிறுவனம், 2003-இல் சீன நிறுவனமான அலிபாபா தொடங்கிய தாவ்பாவ் என்னும் இணையச் சந்தையிடம் தோற்று, 2006 இறுதியில் உள்நாட்டு நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. தாவ்பாவ் விற்பனையாளர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் பொருள் வாங்குமுன் நாலு வார்த்தை பேசி, விலையையும் குறைத்துக் கேட்க நினைத்தவர்களுக்கு அலிவாங்வாங் என்னும் உரையாடல் வசதியைக் கொடுத்தது. பொருள் கைக்கு வந்து சேரும்வரை பணத்தை அதன் கட்டணச் சேவையான அலிபே பிடித்து வைத்துக்கொண்டது. டென்சென்ட் என்னும் சீன நிறுவனத்தின் உரையாடல் சேவையான க்யூக்யூவின் கதையும் இதுவே. அதற்கு முன்னோடியான அயல்நாட்டு ஐசிக்யூ, நண்பர் பட்டியலைப் பயனரின் கணினியிலேயே சேமித்தது. சீன இளைஞர்களோ இணைய மையத்தில் நாளுக்கொரு கணினியில் உட்கார்ந்தார்கள். பட்டியலைத் தன் வழங்கியில் வைத்த டென்சென்ட் அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இவற்றில் நாட்டுப்பற்றைத் தேடுவது வீண் வேலை.

கூகுளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பைடு என்னும் சீனத் தேடுபொறி பயன்பாட்டில் அதைவிட முன்னணியில் இருந்தது உண்மைதான். ஆனாலும் சீனத் தேடலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூகுளிடம் இருந்தது. தணிக்கைக்கு இனி உடன்படப் போவதில்லை என்று 2010 ஜனவரியில் அது அறிவித்தபோது, அதன் பெய்ஜிங் அலுவலக வாசலில் மலர் வைத்துச் சென்றவர்கள் சீனப் பயனர்களே. யூடியூபும் பேஸ்புக்கும் ட்விட்டரும் 2009-இலேயே முடக்கப்பட்டன. டென்சென்டின் உரையாடல் செயலியான வீசாட் வந்தது 2011-இல். பேஸ்புக் போன்ற அயல்நாட்டுச் சமூக வலைத்தளங்கள் களத்திலேயே இல்லாத நிலையில், அதன் வெற்றியை மக்களின் தேர்வு என்று மட்டும் எழுதுவது நியாயமல்ல. (வாங்க வழியிருந்த ஐபோனைச் சீனர்கள் எவ்வளவு ஆவலோடு வாங்கினார்கள் என்பதையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார்.)

பெய்ஜிங் நகரின் பல்கலைக்கழக மாணவர்களிடையே பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. தடையைத் தாண்ட உதவும் மென்பொருளைப் பதினெட்டு மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்தும், ஏறத்தாழப் பாதிப் பேர் அதைப் பயன்படுத்தவே இல்லை. இத்துடன் நிறுத்தினால் கட்டுரையாளரின் கட்சி வென்றதாகத் தோன்றும். ஆனால், அயல்நாட்டுச் செய்தித் தளங்களைப் படிக்குமாறு சில மாதங்கள் பரிசு கொடுத்து ஊக்குவிக்கப்பட்ட மாணவர்கள், பரிசு நின்ற பிறகும் தொடர்ந்து படித்தார்கள். இலவசக் காலம் முடிந்ததும் சொந்தப் பணம் கொடுத்துச் சேவையைப் புதுப்பித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பழகாத ஒன்றின்மேல் ஆசை எழவில்லை என்பதை வேண்டாம் என்ற முடிவாக எடுத்துக்கொள்ள இந்த ஆய்வு இடம் தரவில்லை.

இன்று இருபது வயதாகும் சீன இளைஞருக்கு, பேஸ்புக் முடக்கப்பட்டபோது விவரம் தெரியாத வயது. அவரிடம் "எது பிடிக்கும்?" என்று கேட்டு வாங்கும் பதில், ஈபேயையும் தாவ்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரின் பதிலுக்குச் சமமாகாது. ஆகவே, இத்தகைய கருத்துக்கணிப்புகளை இனி வெளியிடும்போது, ஒவ்வொரு அயல்நாட்டுச் சேவையும் சீனாவில் எந்த ஆண்டு முதல் கிடைக்கவில்லை என்ற விவரத்தையும் அதன் பெயருக்கு அருகிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்