எழுதி வாங்கிக்கொண்டு போனதை வாசித்துக் காட்டுங்கள்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், எங்கள் கல்லூரி முதல்வர் ஐயாவுக்கும்,

வணக்கம். தருமபுரிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் போடவில்லை. இன்டர்னல் மார்க் இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம், வருஷத்துக்கு 120 மணி என்று இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், 7 நாள் கேம்ப், பட்டப்படிப்பின் பகுதி 5-ல் விரிவாக்கப் பணிக்கு, அதாவது வகுப்புக்கு வெளியே செய்கிற இந்தச் சேவைக்கு, 1 கிரெடிட், இதெல்லாம் போக யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்கிற 2 கிரெடிட் சமூக ஈடுபாட்டுப் பாடம். உங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. நான் எழுதுவது, கேம்ப்பில் நாங்கள் சர்வே எழுதி வாங்கிய ஒரு பெரியம்மாவைப் பற்றி.

போன பிப்ரவரியில் எங்களைக் கேம்ப்புக்குக் கூட்டிப்போன ஊர், கல்லூரி தத்தெடுத்த ஊர். பள்ளிக்கூடத்தில் தங்கினோம், சீமைக்கருவேலம் வெட்டினோம், பதாகை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வீடு சர்வே. நாலு பக்கப் படிவம். எங்கள் குழுவுக்கு வந்த வீடுகளில் ஒன்று அந்தப் பெரியம்மாவுடையது, படிவம் எண் 61. மதியம் வருகிறோம், வீட்டில் இருங்கள் என்று முந்தின நாளே நாங்கள்தான் சொல்லிவிட்டு வந்தோம். அவரும் எங்கள் பேச்சை மதித்து நூறு நாள் வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்து, பாய் விரித்து, மோர் கொடுத்து, நாங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

அந்த மதியம் அவருக்கு என்ன ஆனது என்பது போன மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. என்.எஸ்.எஸ். நாள் வந்ததே, அதற்காக அதே ஊருக்கு அதே படிவத்தோடு மறுபடி அனுப்பினீர்கள். அதே படிவம் என்றால் ஒரு எழுத்துப்பிழைகூட மாறாத அதே படிவம். பெரியம்மா எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "ஏங்கண்ணு, போன தடவையே எழுதிட்டுப் போனீங்களே, அது என்னாச்சு?" என்றார். என் நண்பன் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகினான். அப்புறம் பேச்சுவாக்கில்தான் சொன்னார். நூறு நாள் வேலையில் காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ, இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றைய வருகை. மதியப் போட்டோ எடுக்கும்போது அவர் எங்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைய கூலி போய்விட்டது. அப்போது அறிவித்திருந்த கூலி 319 ரூபாய், கைக்கு வருவது பல நாள் அதைவிடக் குறைவு, ஆனாலும் அது அவருடைய ஒரு நாள்.

அதே மதியம் எங்களுக்கும் ஒரு போட்டோ எடுத்தார்கள், ஜியோ டேக் போட்டோ. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. எங்களுக்கு வருகைப்பதிவு ஆனது, கல்லூரிக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் 3-வது அளவுகோலுக்கு ஒரு ஆவணம் ஆனது. அந்தப் படத்தில் எங்களுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிற அவர் ஒருவருக்குத்தான் ஆப்சென்ட்.

எங்கள் குழு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் கொடுக்கப் பார்த்தது. வாங்கவில்லை. "படிக்கிற புள்ளைங்க காசு எனக்கெதுக்கு, எழுதினத சேர்க்க வேண்டிய எடத்துல சேத்துடுங்க, அது போதும்" என்றார். சரிங்க பெரியம்மா என்று சொல்லிவிட்டு வந்தோம். எங்கே சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மாணவர்கள் ஒரு ஊரில் எழுதி வாங்கும் கணக்கை அந்த ஊர் கிராம சபையில் வாசியுங்கள். வாசித்த பிறகு எங்களுக்குக் கிரெடிட் கொடுங்கள். நம் மாநிலத்தில் வருஷத்துக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிப்ரவரியில் கேம்ப் முடிந்தால் மார்ச் 22 வந்துவிடும், அதுவும் உலகத் தண்ணீர் நாள். இதைவிட வசதியாக யார் தேதி குறித்துக் கொடுப்பார்கள்?

தண்ணீர் என்றதும் இன்னொன்று. படிவத்தில் 14-வது கேள்வி, "வீட்டில் குடிநீர்க் குழாய் இணைப்பு உள்ளதா? ஆம் / இல்லை". பெரியம்மா வீட்டில் குழாய் இருக்கிறது. புதுக் குழாய், நீல நிறம். தண்ணீர்தான் நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. ஃபுளோரைடுத் தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறிய ஆட்களை எங்கள் மாவட்டத்தில் தேடிப் போக வேண்டியதில்லை, ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வருவதன் அருமை அந்த ஊருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் தண்ணீர் வருகிறதா என்று கேட்கப் படிவத்தில் இடமே இல்லை. நாங்கள் "ஆம்" என்று டிக் அடித்தோம். ஊர் முழுக்க அப்படித்தான் அடித்தோம். கடைசியில் எங்கள் துறையில் தயாரான அறிக்கையில் அந்த ஊர் குடிநீரில் தன்னிறைவு பெற்ற கிராமம் ஆகிவிட்டது. கணக்குப் படிக்கிறவன் என்கிற முறையில் வெட்கமாக இருக்கிறது. கிராம சபையில் இந்த வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்திருந்தால் போதும், ஊரே எழுந்து திருத்தியிருக்கும்.

வாசிக்க எடுக்க வேண்டிய படிவங்கள் எங்கே இருக்கின்றன என்றும் எனக்குத் தெரியும். நாக் குழு வருவதற்கு முன்னால் ஆவண அறையை ஒதுங்க வைக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள் (அந்த மணி நேரமும் சமூக சேவைக் கணக்கில் ஏறியது, அது வேறு கதை). அதே ஊர் பெயர் போட்ட கட்டுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. சணல் முடிச்சுகூடக் கலையவில்லை. கட்டின கையோடு வைத்ததுதான், பிறகு ஒருவரும் பிரிக்கவில்லை.

இந்தத் "தத்தெடுப்பு" என்ற வார்த்தையையே யாராவது கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் தேவலை. உன்னத் பாரத் அபியான் என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கல்லூரி 5 கிராமங்களைத் தத்தெடுக்கலாம். அந்த ஊரை நாங்கள் எடுத்திருக்கிறோம், பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியும் எடுத்திருக்கிறது. தான் தத்துப்போன விஷயம் ஊருக்குத்தான் தெரியாது. ஒரு பிள்ளையை இரண்டு வீட்டார் தத்தெடுத்துப் பந்தியில் மட்டும் உட்கார வைக்காத கதை. மரம் நடுகிற குழிகளும் போன வருஷக் குழிகளே. அந்தக் குழிகள் இதுவரை பார்த்த விருந்தினர்களுக்குத் தனியாக ஒரு ரெக்கார்ட் நோட் போடலாம். எங்கள் பேட்ஜில் இருக்கிற கோனார்க் சக்கரத்தின் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறதாம், எந்நேரமும் சேவைக்குத் தயார் என்று. நாங்கள் தயார்தான் ஐயா. போட்டோ எடுத்து முடிந்ததும் பஸ் கிளம்பிவிடுகிறது.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் திட்ட அலுவலரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. முகாமுக்கு அரசு கொடுக்கிற பணம் வந்து சேர்வதற்குள் அவர் சொந்தக் காசைப் போட்டு அரிசி வாங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சேவைப் பாடமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அந்த 7 நாளில்தான் பக்கத்து பெஞ்ச் பையன் நன்றாகச் சமைப்பான் என்பதே எனக்குத் தெரிந்தது. போகிறோம், இன்னும் நாலு நாள் சேர்த்துக்கூட அனுப்புங்கள். ஆனால் எழுதி வாங்கியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். யார் வீட்டில் என்ன வருமானம் என்று பெயரோடு படிக்கச் சொல்லவில்லை, தண்ணீர், ரோடு, ரேஷன், பஸ் என்று ஊர்க் கணக்காகப் படித்தால் போதும். ஒரு மாணவன் எழுந்து நின்று 15 நிமிஷத்தில் வாசித்துவிடலாம், மைக்கூட வேண்டாம்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டுமென்றால் இருக்கிறோம். ஆனால் எங்கள் கல்லூரி அளவில் அந்த ஒரு ஊருக்காவது இந்த நவம்பர் 1-லேயே வாசிக்க முதல்வர் ஐயா அனுமதி கொடுக்கலாம், அதற்குப் பல்கலைக்கழக ஆணை தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். கட்டைப் பிரிக்க, கூட்டிக் கழித்து எழுத நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். சாவி மட்டும் கொடுங்கள். 14-வது கேள்விக்குப் போட்ட டிக்கையும் ஊரார் முன்னாலேயே திருத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பகுதி 5-ல் 1 கிரெடிட் வாங்கிவிட்ட மாணவன்